பக்கத்தில் ஒரு ஸ்கேல்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எத்தனையோ விதமான ஆட்களோடு வேலை பார்த்திருக்கிறேன். ஆனால், பக்கத்தில் ஒரு ஸ்டீல் ஸ்கேலை வைக்காமல் இந்த உலகத்தில் எதையுமே போட்டோ எடுக்கக் கூடாது என்று நம்பியவன் ஒருவன்தான். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. கம்பெனி முழுக்க அவன் ‘ஸ்கேல்’.

நானும் அவனும் ஒரு இரும்பு வார்ப்புத் தொழிற்சாலையின் குவாலிட்டி பிரிவில் ஒரே வாரத்தில் சேர்ந்தவர்கள். வார்ப்பில் ஓட்டையோ விரிசலோ இருந்தால் அதைப் போட்டோ எடுத்து ரிப்போர்ட்டில் சேர்ப்பது வேலை. அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துத்தான் எடுக்க வேண்டும். ஷிப்ட் முடிந்ததும் நாங்களெல்லாம் ஸ்கேலை டிராயரில் போட்டுவிட்டுக் கிளம்புவோம். அவன் சட்டைப் பையில் செருகிக்கொண்டு கிளம்புவான்.

வேப்பம்பட்டில் மனை வாங்கினான். வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் மூலைக்கல், அதன்மேல் ஆறு அங்குல ஸ்கேல். மனையைக் காணோம். கேன்டீனில் பிரியாணி போட்டால் லெக் பீஸுக்குப் பக்கத்தில் ஸ்கேல். ஒரு ரிசப்ஷனில் மேடையேறி, பெண்ணின் தோளருகே ஸ்கேலைப் பிடித்தபடி செல்ஃபி எடுத்தான். பெண்ணின் அப்பா மிரண்டுபோய், உங்கள் நண்பர் எதை அளக்கிறார் என்று என்னிடம் கேட்டார். சாப்பிடாமலே வந்துவிட்டேன்.

இதெல்லாம் தேவையா என்று கேட்டால் அவனிடம் ஒரே பதில்தான்.

“ஸ்கேல் இல்லாத போட்டோ இன்னா வேணா சொல்லும் நைனா. நம்பாத.”

போன மழைக்காலத்தில் என் நான்கு வயது மகளுக்குத் தாடைக்குக் கீழே நெறி கட்டியது. சென்னையில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். அவர் அளந்து பார்த்து, இருபத்திரண்டு மில்லிமீட்டர் என்று சீட்டில் எழுதினார். மருந்து கொடுத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டோ அனுப்பச் சொன்னார். சுருங்கினால் பயமில்லை, பெரிதானால் கத்தி வைக்க வேண்டியிருக்கும் என்றார். கத்திக்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை.

முதல் படத்தில் கட்டி நெல்லிக்காய் அளவு இருந்தது. இரண்டாவதில் எலுமிச்சை. என் மனைவி அதைப் பார்த்ததும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். படம் கலங்கலாக இருக்கிறது, ஆனால் பெரிதானது போலத்தான் தெரிகிறது, திங்கட்கிழமை அட்மிட் ஆகத் தயாராக வாருங்கள் என்று டாக்டர் பதில் அனுப்பினார். அன்று வெள்ளிக்கிழமை. ராத்திரி முழுக்க நாங்கள் இருவரும் மாறி மாறிக் குழந்தையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் வேலையில் ஸ்கேலிடம் இரண்டு படத்தையும் காட்டினேன். அவனுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும்.

“இன்னா நைனா இது? மொதல்ல தள்ளி நின்னு எட்த்துக்கீற. ரெண்டாவது மூஞ்சியாண்ட போய் எட்த்துக்கீற. கிட்ட போனா எல்லாந்தான் பெர்சா தெரியும்.”

“அப்ப கட்டி பெர்சாகலையா?”

“எனுக்கு எப்டித் தெரியும்? ஸ்கேல் எங்க?”

காலை ஷிப்ட் முடிந்ததும் என்னோடு ரயிலேறி அத்திப்பட்டு வந்து இறங்கினான். வீட்டுக்குள் நுழைந்ததும் டியூப்லைட்டை அணைத்தான். குழந்தையை ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார வைத்தான். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால்தான் மேடு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று தெரியுமாம். என்னை மூன்றாவது டைல்ஸில் நிறுத்தி, அங்கிருந்தே ஜூம் செய்யச் சொன்னான். முழங்கை விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும், திரையில் கட்டியின் மேல் விரல் வைத்து ஃபோகஸ் செய்ய வேண்டும், மூச்சை விட்டுவிட்டு அமுக்க வேண்டும். ஸ்கேலைப் பிடிக்க அவன் யாரையும் விடவில்லை. கட்டியின் மட்டத்தை விட்டு முன்னால் வந்தால் ஸ்கேலும் பொய் சொல்லும் என்றான்.

என்னை எதற்கு அளக்கிறீர்கள் என்று மகள் கேட்டாள்.

“உனுக்கு செயின் செய்யப் போறோம் பாப்பா. கயுத்து அளவு வோணும்.”

நான் எடுத்தேன். அவன் போனை வாங்கிப் பார்த்தான். என் கை ஆடுகிறது, இன்னொன்று எடு என்றான். எடுத்தேன். மறுபடியும் ஆடுகிறதாம். இப்படிப் பதினொரு படம். பெற்ற மகளுக்கு ஒரு போட்டோ ஒழுங்காக எடுக்க வக்கில்லையே என்று எனக்கு அழுகை முட்டியது. பன்னிரண்டாவதற்கு முன்னால் அவன் நாற்காலிக் கையில் முழங்கையை ஊன்றிக்கொண்டான். அந்தப் படம் சரியாக வந்தது. அதைப் பெரிதாக்கி, கோடுகளை இரண்டு தடவை எண்ணினான்.

“பதினெட்டு,” என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டான்.

ஒரு மணி நேரத்தில் டாக்டரின் பதில் வந்தது. நன்றாகச் சுருங்குகிறது, திங்கட்கிழமை வர வேண்டாம், மருந்தை மட்டும் நிறுத்தாதீர்கள். படம் எடுத்தது யார் என்றும் கேட்டிருந்தார். என் மனைவி அழுதுகொண்டே தோசை சுட்டாள். ஸ்கேல் எட்டு தோசை சாப்பிட்டான். அந்த மாதத்துக்குள் கட்டி இருந்த இடம் தெரியவில்லை.

இப்போது அவன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். போன வாரம் போனில் இடமில்லாமல் பழைய படங்களை அழித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பதினொன்றும் கண்ணில் பட்டன. ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் மகளின் கழுத்து, அதிலிருக்கிற பூனைமுடி வரைக்கும், பளிச்சென்று இருக்கிறது. கலங்கியிருப்பது ஸ்கேலும் அதைப் பிடித்திருக்கிற இரண்டு விரல்களும்தான். அன்றைக்கு ஆடியது என் கை இல்லை. அவற்றில் ஒன்றைக்கூட அழிக்க எனக்கு மனம் வரவில்லை.