கடலை வைத்தியம்

"விசாரணைக்காரர் நாளைக்குத்தானே வரணும்?" என்று கிசுகிசுத்தார் லாசரஸ்.

"அதை அவர்கிட்டயே கேளுங்க. வாசல்ல செருப்பைக் கழட்டிக்கிட்டிருக்காரு" என்றாள் அவர் மனைவி பிலோமினம்மாள்.

அறையின் நடுவில் ஒரு பெரிய தொட்டி நிறைய கொண்டைக்கடலை ஊறிக்கொண்டிருந்தது. மூலையில் வறுத்த கடலை ஒரு கூடை. அறை முழுக்க எண்ணெய் வாசனை.

துறைமுகத்தில் பெட்டி விழுந்து அவர் கால் நசுங்கியதிலிருந்து, கருணைக்கரம் சங்கம் மாதாமாதம் ஓர் உதவித்தொகை கொடுத்துவந்தது. கெர்பாவ் ரோட்டில் இந்த அறைக்கு வாடகை கட்ட அது சரியாக இருக்கும். சோற்றுக்கு இருக்காது. சோற்றுக்காக உழைக்கலாம் என்றால், ஒரு காசு சம்பாதித்தாலும் உதவி நிறுத்தப்படும் என்பது சங்கத்து விதி. அதாவது, பட்டினி கிடந்தால் வீடு உண்டு, சாப்பிட்டால் தெருதான். இந்த விதியை எழுதிய புண்ணியவான்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

ஆகவே லாசரஸ் கதவைச் சாத்திக்கொண்டு கடலை வறுத்தார். சினிமாக் கொட்டகை வாசலில் காகிதச் சுருளில் விற்கிறார்களே கச்சாங் பூத்தே, அந்தச் சரக்கு. யாரோ ஒரு முதலாளியம்மா மொத்தமாக வாங்கிக்கொண்டாள். அவளை இவர் பார்த்ததில்லை. தினமும் நாலு மணிக்கு ரிக்‌ஷாக்கார நாகூர் கனி வந்து கூடையை எடுத்துப் போவார். இப்போது மணி மூன்றரை.

பிலோமினம்மாள் கூடையின் மேல் ஒரு சேலையைப் போட்டாள். தொட்டியை என்ன செய்வது? லாசரஸ் சட்டென்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கைலியைத் தூக்கிக்கொண்டு காலை அப்படியே கடலைக்குள் விட்டார்.

விசாரணை அதிகாரி சேதுபதி உள்ளே வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கக்கத்தில் குடை. இந்த வீட்டுக் குடித்தனங்களில் யாருமே அவரைப் பார்த்துச் சிரித்ததில்லை. போன மாதம் எதிர்வீட்டு அம்மா முருங்கைக்கீரை விற்றாள் என்று உதவியை நிறுத்தியவர் அவர்தான்.

"என்ன இது?"

"வைத்தியம் சார். ஊறின கடலையில கால வச்சா வலி இழுத்துக்கும்."

"கடலையா? நான் கேள்விப்பட்டதே இல்லையே."

"நாட்டு வைத்தியம் லா, சார்."

சேதுபதி நம்பினாரோ இல்லையோ, பாயில் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து, பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கத்து அறைக்காரி நஃபீசா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவளும் சங்கத்து உதவி வாங்குகிறவள்தான்.

"அண்ணே, சுருள் அம்புட்டும் சுத்திட்டேன்..." சேதுபதியைக் கண்டதும் அவள் வாய் அப்படியே நின்றது. கை நிறையக் காகிதச் சுருள்கள்.

"இது எதுக்கு?"

"ஒத்தடத்துக்கு சார்!" என்று முந்திக்கொண்டார் லாசரஸ். "வறுத்த கடலையச் சூடா சுருள்ல போட்டு முட்டியில வைக்கணும். தங்கச்சி பாவம், சும்மா ஒத்தாசைக்குத்தான் செய்யுது."

"ஊறின கடலையும் வைக்கணும், வறுத்த கடலையும் வைக்கணுமா?"

"வலி அப்படி, சார்."

மாடியில் டொக்கு டொக்கென்று இடி சத்தம் கேட்டது. கடலைக்குத் தூவ முத்துசாமி மிளகாய் இடித்துக்கொண்டிருந்தார். அவரும் 'வேலை செய்ய இயலாதவர்' என்று சங்கத்தில் பதிவானவர். பலகை இடுக்கு வழியாக நெடி இறங்கி, சேதுபதி அடுக்கடுக்காகத் தும்மினார்.

"அதுவும்... உங்க காலுக்கா?"

"பத்துப் போட, சார்" என்றார் லாசரஸ், அழாத குறையாக.

சேதுபதி மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எங்க கமிட்டியில ஒருத்தர் கிளம்பியிருக்கார். விசாரணையே வேணாமாம். இருக்கவன் இல்லாதவன் பார்க்காம எல்லாருக்கும் மாசாமாசம் ஒரே தொகை குடுத்துடணுமாம்."

"வேலைக்குப் போனாலும் அது நிக்காதா சார்?" என்று கேட்டாள் பிலோமினம்மாள்.

"நிக்காதாம். எப்படி இருக்கு கதை? சும்மா காசு வந்தா அப்புறம் எவன்மா வேலை செய்வான்?"

மூவரும் தலையை ஆட்டினார்கள். விடிவதற்கு முன்பே எழுந்து வேலையில் இறங்கியவர்களுக்குத் தலையாட்ட மட்டும்தான் தெம்பு மிச்சமிருந்தது. அந்தத் தெருவிலேயே வேலை ஓயாத வீடு, வேலை செய்யாததற்காக உதவி வாங்கும் இந்த வீடுதான்.

சேதுபதி லாசரஸின் காலையே பார்த்தார். அவர் முகம் மெல்ல இளகியது. அந்த இளக்கத்தைப் பார்த்துத்தான் லாசரஸுக்கு நிஜமாகவே பயம் வந்தது.

"ஒருத்தர் சுருள் சுத்தி, இன்னொருத்தர் மிளகாய் இடிச்சு... உங்க கால் இவ்வளவு மோசமா இருக்கும்னு நினைக்கல லா. இனி உங்களுக்குத் தனி வீடு சரிப்படாது. ஆதரவற்றோர் இல்லத்துல சொல்லி வைக்கிறேன். நாளைக் காலையில வண்டி வரும்."

"நான்?" என்றாள் பிலோமினம்மாள்.

"பொம்பளைங்க இல்லம் வேற இடத்துல இருக்கு."

பிலோமினம்மாள் லாசரஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் ஒரு ராத்திரி பிரிந்திருந்ததில்லை.

லாசரஸ் துள்ளி எழுந்தார். "வேணாம் சார்! நான் நல்லா நடப்பேன், பாருங்க!" தொட்டியிலிருந்து குதித்து, விரலிடுக்கில் கடலை ஒட்டியிருக்க, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு அறையை இரண்டு முறை சுற்றி வந்தார். போதாதென்று குனிந்து நிமிர்ந்தும் காட்டினார்.

சேதுபதியின் முகம் பழையபடி இறுகியது. "நடக்கிறீங்களே?"

"நடக்கிறேன் சார்!"

"குனியுறீங்க."

"குனியுறேன் சார்!"

"அப்ப வேலை செய்யலாம். இந்த மாசத்தோட உதவி கட்."

மாடியில் இடி சத்தம் நின்றுவிட்டது. படுத்தால் மனைவி போனாள், எழுந்தால் வீடு போனது. சங்கத்து விதியில் மனிதன் எந்த நிலையில் இருக்கலாம் என்று லாசரஸுக்கு விளங்கவே இல்லை.

"கருணை காட்டுங்க சார். இந்த அறை போனா நாங்க எங்க சார் போவோம்?"

"விதின்னா விதி. நாளைக்கு நானே தப்புப் பண்ணாலும் சங்கம் என்னையும் சும்மா விடாது."

வாசலில் ரிக்‌ஷா மணி ஒலித்தது. பிலோமினம்மாள் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டி, போ போ என்று சாடை காட்டினாள். நாகூர் கனி அதை வா வா என்று எடுத்துக்கொண்டு நேரே உள்ளே வந்து, பழகிய கையால் சேலையை விலக்கி, கடலைக் கூடையைத் தூக்கித் தோளில் வைத்தார். திரும்பும்போதுதான் பாயில் இருந்தவரைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பானது.

"அட, சார்! நீங்களே சரக்கெடுக்க வந்துட்டீங்களா? யாவாரம் பண்றது சங்கத்துக்குத் தெரிஞ்சா உங்க வேலை போயிடும், நீங்க சரக்குப் பக்கமே தலைகாட்ட மாட்டீங்கன்னுல்ல உங்க வீட்டம்மா, நம்ம முதலாளியம்மா சொன்னாங்க!"