ஆறு கிராம் தூளும் வெடிமருந்து அளவையும்

அன்று ரொக்ஸ்பரோ வீட்டு பேஸ்மென்டில் இருந்தவர்கள் நான்கு பேர்: அம்மா, அப்பா, அத்தான், நான். இல்லாதவள் அக்கா. ஆஸ்பத்திரியில் தாதியாக இருப்பவளுக்கு அன்று வேலை. தான் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று இன்றைக்கும் சொல்கிறாள். அது உண்மை என்பதுதான் கூடுதல் எரிச்சல்.

வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போய் வந்தவனிடம் ஒரு வேலையையும் ஒப்படைக்கக் கூடாது. அடுத்தவன் படித்துவிட்டு வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். முதலாவது ஆளுக்குப் படித்ததை எங்கே காட்டுவது என்று தெரியாது. கண்டதற்கெல்லாம் காட்டுவான். நான் இயந்திரவியல் படித்துவிட்டு, அதை அம்மாவின் மிளகாய்த்தூளில் காட்டினேன்.

அம்மா ஒரு கார்டெரியின், அதாவது பிள்ளைகள் காப்பகத்தின், சமையலறையில் வேலை செய்கிறாள். சின்னப் பிள்ளைகளுக்கான சாப்பாடு என்பதால் அங்கே மிளகைக் கூடக் காட்டக்கூடாது. கரட் அவிப்பது, மசிப்பது, மறுநாளும் கரட் அவிப்பது. இப்படி வருடக்கணக்காக உறைப்பில்லாமல் உழைத்த மனுசிக்கு ஒரே ஒரு ஆசைதான். தன் கையால் வறுத்த தூளைக் கடையில் விற்க வேண்டும், பேந்து அந்தக் கரட்டை விட்டுவிட வேண்டும். கார்ட்டியர்வில்லில் தமிழ்க்கடை வைத்திருக்கும் அண்ணை ஒருவர் இரங்கினார். முதலில் இருநூறு சின்னப் பை கொண்டுவரச் சொன்னார். சனம் திரும்ப வந்து கேட்டால் கடையில் சாமான் அடுக்கும் ஒரு தட்டு முழுவதையும் அம்மாவுக்குத் தருவதாகவும் சொன்னார்.

சின்னப் பை என்பது என்னுடைய யோசனை. ஒரு கறிக்கு ஒரு பை, ஆறு கிராம். தனியாக இருந்து படிக்கிற பிள்ளைகள் வாங்குவார்கள். அம்மா கரண்டியை எடுத்தாள். ‘கரண்டியா?’ என்று சிரித்தேன். (அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருக்கிறது.) ஆறு கிராமைத் துல்லியமாக அளக்க உலகத்தில் யாரிடம் கருவி இருக்கிறது என்று தேடினேன். துப்பாக்கிக்காரரிடம் இருந்தது.

சுட்ட தோட்டாவின் கோதை எறியாமல், அதற்குள் மறுபடி வெடிமருந்து நிரப்பிப் பாவிக்கும் ஒரு கூட்டம் இந்த நாட்டில் உண்டு. அவர்களிடம் மருந்து அளக்க ஒரு சாமான் இருக்கிறது. மேலே தூள் கொட்டும் குடுவை, நடுவே உருளை, பக்கத்தில் கைபிடி. கைபிடியை இழுத்தால் ஒரே அளவு தூள் கீழே விழும். எந்த உருளை நல்லது, எந்தக் கைபிடி வழுக்கும் என்று இணையத்தில் அந்த ஆட்கள் போடும் சண்டை கோயில் நிர்வாகசபைத் தேர்தலில் கூட நடக்காது. பரீட்சைக்குப் படித்ததைவிடக் கவனமாக அதையெல்லாம் இரவு பகலாகப் படித்தேன்.

பிறகு வேட்டைச் சாமான் கடைக்குப் போனேன். விற்பனையாளர் தாடிக்காரர். என்னுடைய மருந்து எந்த வகை, உருண்டையா, சில்லா, குச்சியா என்று பிரெஞ்சில் கேட்டார். என்னுடையது வறுத்தது என்றேன். அவர் ஓரடி பின்னுக்குப் போனார். வெடிமருந்தை யாரும் வறுப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் உண்மையைத்தான் பேச வேண்டும் என்ற நல்ல பழக்கம் அந்த வயதில் எனக்கு இருந்தது. கோழிக்கறிக்கு என்று விளக்கிய பிறகு அவர் இருந்ததிலேயே விலை கூடியதை எடுத்து மேசையில் வைத்தார். என் முகத்தில் அப்படி என்ன எழுதியிருந்ததோ.

வீட்டில் பெட்டியைப் பார்த்ததும் அப்பாவின் முகம் மாறியது. பெட்டி முழுக்கத் தோட்டாப் படம். ஊரில் அப்படி ஒரு படம் வீட்டில் இருந்தால் என்ன நடக்கும் என்று பார்த்தவர் அவர்.

“இதுக்குப் பயந்துதானேடா இஞ்ச வந்தனாங்கள்,” என்றார்.

படங்களைத் துண்டு துண்டாகக் கிழித்து, ஒரே நாளில் போட்டால் சந்தேகம் வரும் என்று இரண்டு கிழமையாகப் பிரித்துக் குப்பையில் போட்டார்.

நிரப்பும் நாள் வந்தது. வெளியே உறைபனி, உள்ளே ஹீற்றர். அம்மா வறுத்து இடித்த தூளைக் குடுவையில் கொட்டி, கைபிடியை இழுத்தேன். ஒன்றும் விழவில்லை. மறுபடி இழுத்தேன். இரண்டு பங்கு விழுந்தது. மூன்றாம் முறை ஒரு மல்லித்தோல் விழுந்தது. அத்தான் கதிரையில் சாய்ந்து இருந்து, “மச்சான், இதுக்கு இன்னும் சுடத் தெரியாது போல,” என்றார்.

நான் கோளாறு கண்டுபிடிக்கத் தொடங்கினேன். தூளில் எண்ணெய்ப் பிடிப்பு இருந்ததால் குடுவைக்குள் பாலம் கட்டி நின்றது. அரிதட்டில் அரித்தேன். அவணில் உலர்த்தினேன். இப்போது பாலம் உடைந்தது, ஆனால் தூள் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொண்டு ஏறியது. குளிர்காலத்துக் காய்ந்த காற்றில் உண்டாகும் நிலைமின்சாரம். துப்பாக்கிக்காரர்கள் இதற்கும் மருந்து எழுதியிருந்தார்கள்: துணி உலர்த்தும் இயந்திரத்துக்குள் போடுகிற மெல்லிய தாளால் குடுவையை ஒருமுறை துடை.

ஒருமுறை துடைக்கச் சொன்னால் ஒருமுறை துடைப்பவன் சாதாரண மனிதன். நான் பட்டதாரி. ஒரு தாளால் துடைத்தால் நல்லதென்றால், ஆறு தாளைத் தூள் வாளிக்குள்ளேயே புதைத்து வைத்தால் எவ்வளவு நல்லது? புதைத்தேன். கோப்பி குடித்துவிட்டு வந்து கைபிடியை இழுத்தேன். ஆறு கிராம். மறுபடி ஆறு கிராம். தராசின் முள் ஆறை விட்டு அசைய மறுத்தது. அம்மா கண்ணைத் துடைத்தாள். ஆனந்தம் என்று நினைத்தேன். மிளகாய். காலையிலிருந்து பறந்த தூளில் நால்வரும் தும்மித் தும்மி, எங்கள் மூக்குகள் மத்தியானமே செத்துப் போயிருந்தன. அதனால்தான், தாள் பெட்டியில் லாவண்டர் வாசம் என்று எழுதியிருந்ததை வாசித்த பிறகும் ஒருவருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

‘தவமணி தூள்’ என்று அம்மாவின் பெயர் ஒட்டிய இருநூறு பைகள் சனிக்கிழமை கடையில் தொங்கின. அம்மா அவற்றுக்கு முன்னால் நின்று, வாங்க வேண்டிய தேவையே இல்லாத வெங்காயத்தை நெடுநேரம் தெரிவு செய்தாள்.

திங்கட்கிழமை பின்னேரம் அண்ணை போனில் கோல் எடுத்து, வரச் சொன்னார். அம்மாவும் நானும் போனபோது கவுன்டரில் ஒரு பெரிய சட்டி. அதற்குப் பின்னால் ஒரு மனிதர். மகளின் பிறந்தநாளுக்கு எங்கள் தூளில் பதினைந்து பையைப் போட்டு ஆட்டுக்கறி சமைத்திருக்கிறார்.

“தம்பி,” என்றார் என்னைப் பார்த்து, “வந்த சனம் ஆட்டைச் சமைச்சனீங்களோ, சோப்புப் போட்டுத் தோய்ச்சனீங்களோ எண்டு கேக்குது.”

அண்ணை ஒரு பையைக் கிழித்து அம்மாவிடம் நீட்டினார். “அக்கா, நான் ஒண்டும் சொல்லேல்லை. நீங்களே மணந்து பாருங்கோ.”

அம்மா மணந்தாள். உலர்த்தி மடித்த படுக்கை விரிப்பின் வாசம். “இது என்ரை தூள் இல்லை,” என்றாள் மெதுவாக. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

அந்த நேரத்தில் மனிதனாகப் பிறந்தவன் காலில் விழுவான், அல்லது ஓடுவான். நான் நிலைமின்சாரத்தை விளக்கினேன். காற்றின் ஈரப்பதத்தில் தொடங்கி, பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் எப்படித் தங்கும் என்பது வரைக்கும் போனேன். முருங்கைக்காயும் மீனும் வாங்க வந்தவர்கள் வரிசையில் நின்று கேட்டார்கள். எல்லாப் பையிலும் நிறை சரியாக ஆறு கிராம் இருப்பதையும் சுட்டிக் காட்டினேன்.

“நிறை சரிதான் தம்பி,” என்றார் சட்டிக்காரர். “அதாலை எல்லாக் கறியும் ஒரே மாதிரி நாறுது.”

அண்ணை நல்ல மனுசன். பைகளைக் கழற்றி ஒரு பெட்டியில் போட்டுத் தந்தார். தட்டைப் பற்றி அம்மா கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார், குறை நினைக்க வேண்டாம், டொரொண்டோவிலிருந்து ஒருவர் தூள் அனுப்பக் கேட்டிருக்கிறார், அவருக்கே கொடுத்துவிடுகிறேன் என்று. அம்மா ஓம் என்றாள். வீடு வந்து, வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது, “நீ படிச்சது எனக்குச் சந்தோசம்தான் அப்பன். என்ரை சாமானிலை படிச்சுப் பாக்காதை,” என்றாள்.

அம்மா இன்னமும் கரட் அவிக்கிறாள். இப்போது வேறொரு கடையில் கேட்டிருக்கிறாள். எனக்குச் சொல்லாமல். (அக்கா சொல்லித்தான் தெரியும்.) அந்தக் கருவியை இணையத்தில் விற்கப் போட்டேன். வடக்கிலிருந்து ஒரு வேட்டைக்காரர் வந்து, குடுவைக்குள் மூக்கை விட்டு, தும்மிக்கொண்டே காருக்குத் திரும்பிப் போனார். பைகளை எறிய அம்மா விடவில்லை. மாதக்கணக்காக அப்பாவின் மதியச் சாப்பாட்டில்தான் அவை கரைந்தன. புவாண்ட்-கிளேரில் அவர் வேலை செய்யும் கிடங்கில், உன் மனைவி உடுப்பை நன்றாகத் தோய்க்கிறாள் என்று பாராட்டினார்களாம்.

எங்கள் வீட்டில் உலர்த்தும் இயந்திரம் சுற்றினால், அத்தான், “மாமி, கறி இறக்கலாமே?” என்று கேட்பார். பிறந்தநாள், கலியாணம், செத்தவீடு எதுவானாலும் அப்பா இந்தக் கதையை முதலிலிருந்து சொல்வார். கேட்கிறவர்கள் சிரித்து ஓய்ந்ததும் யாராவது ஒருவர், அப்ப மொத்தமாக எவ்வளவு போச்சு என்று கேட்பார். அப்பா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, தேத்தண்ணியை ஒரு வாய் குடிப்பார்.

“அந்த ஆட்டுக்கறிக்காரருக்கு நட்டத்துக்குக் குடுத்ததையும் சேர்த்து,” என்பார், “அறுநூற்றிப் பதினெட்டு டொலர்.”