கண்ணாடிக்கடைக்காரரும் சல்லாத் திரையும்

ஊரில் பாதிப் பேருக்கு மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்டவர் அவர். அன்று ஒரு மகத்தான முடிவெடுத்தார்: இந்த வீட்டுக்குள் திரை என்ற பெயரில் மெல்லிய சல்லாத் துணி நுழையக் கூடாது!

“கோடைக்குக் காத்து சிலுசிலுன்னு வரும்ங்க. வெயிலைக்கூட வடிகட்டித்தான் உள்ள விடும்,” என்றாள் மனைவி.

“கொசுவலையைத் தொங்கவிட்டு அதுக்குத் திரைன்னு பேரா? மானம் மரியாதை வேணாமா?”

“பால்கனி வாசலுக்கு மட்டும் போட்டுப் பார்ப்போம். பிடிக்கலைன்னா கழட்டிடலாம்.”

போட்டாள். மத்தியான வெயிலில் பால்கனியில் நின்று திரும்பியவர் அசந்துபோனார். மேகத்தைக் கிழித்துத் தொங்கவிட்டதுபோல ஒரே வெள்ளை! உள்ளே ஒன்றுமே தெரியவில்லை. தொழில் புத்தி விழித்தது.

“ஏய், உள்ளேயிருந்து விரலைக் காட்டு!”

“காட்டிட்டேன்!”

“எத்தனைன்னே தெரியலையே! உனக்கு என்னைத் தெரியுதா?”

உள்ளேயிருந்து குரல் வந்தது: “அட, எனக்கும் வெறும் வெள்ளைதாங்க!”

அவர் மனசு குட்டிக்கரணம் போட்டது. இனிப்பைத் தொடாதே, தினமும் உடற்பயிற்சி செய் என்பது டாக்டர் கட்டளை. மனைவியிடம் மாட்டினால், பழைய ஷூவுக்குள் பதுக்கிய கிரீம் பிஸ்கட் மொத்தமும் பறிபோகும்.

அன்றுமுதல் பால்கனியில்தான் பயிற்சி. நாற்காலியில் சாய்ந்தபடி, “ஒண்ணு... அப்பாடா... ரெண்டு...” எண்ணுக்கு ஒரு பிஸ்கட்.

“என்னங்க, பேச்சு குழறுது?”

“நாக்குக்கும்... ம்ம்க்... பயிற்சி!”

நன்றி தாங்காமல் ஒருநாள் உருகிவிட்டார். “என்ன துணி! நெய்தவன் கையைக் கண்ணுல ஒத்திக்கணும்! வீடு முழுக்க இதையே போடு. உனக்கும் இதுலயே ஒரு கோடைப் புடவை எடுத்துக்கோ!”

“உங்க பேச்சை நான் என்னைக்குத் தட்டியிருக்கேன்?”

கடைசி சன்னலுக்கும் துணி ஏறிய அன்று, பாதிப் பயிற்சியில் உள்ளே கூப்பிட்டாள்.

“இங்க நின்னு வெளிய பாருங்களேன்.”

பார்த்தார். வெயிலில் நாற்காலி பளிச்சென்று தெரிந்தது. பிஸ்கட் பொட்டலம் தெரிந்தது. கிரீமை மட்டும் நக்கிவிட்டு வைத்த பிஸ்கட்டும் தெரிந்தது. அதில் அவர் நாக்குத் தடம்கூடத் தெரிந்தது! வெளியிலிருந்து பார்த்தால் சுவர். உள்ளிருந்து பார்த்தால் சினிமா!

“முதல் நாளே தெரிஞ்சுதா?”

“பொட்டலத்துல போட்டிருந்த எழுத்து உட்பட.”

கைதட்டலாமா, காலில் விழலாமா என்று அவருக்கே புரியவில்லை. “பின்ன ஏன்டி அன்னைக்கே சொல்லலை?”

பால்கனிக்குப் போய்ப் பொட்டலத்தை எடுத்துப் புதுப் புடவை முந்தானையில் முடிந்துகொண்டே சொன்னாள்:

“அப்போ மத்த சன்னலுக்கெல்லாம் துணி வரலையேங்க.”