பாதிக் கோபுரத்தை முழுசாக்கிய மாப்பிள்ளை

அன்புத் தங்கை தெக்லாவுக்கு, சேசுவுக்குத் தோத்திரம். அண்ணன் லூத்ஸியன் எழுதுவது. இங்கே நானும் என் முட்டிவலியும் நலம். நீயும் கிராக்கோவில் குழந்தைகளோடு சுகமாயிருக்க வேண்டுகிறேன். நிற்க. இந்தக் கடிதம் கண்டதும் ரயிலேறி வந்து உன் புருஷனை அழைத்துக்கொண்டு போய்விடு.

பிரபுவின் பூங்காவுக்கு நான் காவலாள் என்பதும், அதற்காகத்தான் என்னை வாசல் வீட்டில் இருக்கவிட்டிருக்கிறார்கள் என்பதும் உனக்குத் தெரியும். ஏரிக்கரையில் நிற்கும் இடிந்த கோபுரத்தில் ஒரு கல் ஆடுகிறது, அதை மட்டும் பூசிவிடுங்கள் என்று கொத்தனார் மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு, தங்கை புருஷனாயிற்றே என்று நம்பி, காளான் பறிக்கும் பருவம் முடியும்வரை அத்தை மகன் வீட்டில் தங்கிவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் கோபுரம் முழுசாக நிற்கிறது! உடைந்த சுவர் உச்சிவரை ஏறி, சுண்ணாம்பு அடித்து, கூரை போடச் சாரம் வேறு கட்டியிருக்கிறார். "என்ன மாப்ள இது?" என்றேன். "பாதியில கெடந்துச்சு மச்சான், பார்க்கச் சகிக்கல, முடிச்சுட்டேன்" என்கிறார், நான் பாராட்டுவேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு!

அது இடிந்த கோபுரம் இல்லையம்மா, இடிந்ததாகவே கட்டிய கோபுரம். அந்தக் காலத்துப் பிரபு இத்தாலிக்குப் போய்ப் பாழடைந்த கோயில்களைப் பார்த்துவிட்டு, எனக்கும் ஒன்று வேண்டும் என்று கட்டச் சொன்னது. ஏரியும் வெட்டியது, குன்றும் அந்த மண்ணைக் கொட்டியது, தானாய் முளைத்த காடு போலத் தெரிவதும் நட்டது. எல்லாம் நம் ஊர்ப் பண்ணையடிமைகளின் கை. இயற்கையாகத் தெரிவதற்கு எத்தனை முதுகு வளைந்ததோ! இதை நான் விளக்கினால் கஸ்பர் மாப்பிள்ளை சொல்கிறார்: "அப்ப நம்ம பாட்டன் பூட்டனுங்க ஒழுங்கா கட்டத் தெரிஞ்சவனுங்கதானே? பாதியில நிறுத்துடான்னு அந்தப் பிரபு சொல்லியிருக்கான். எவன் வயித்தெரிச்சலோட கொத்துக்கரண்டியக் கீழ வெச்சானோ, அவனுக்காக நான் முடிச்சேன்னு வெச்சுக்கங்க."

அடுத்த வாரம் அரசாங்கத்திலிருந்து பழைய கட்டிடங்களைப் பார்வையிடும் அம்மாள் வருகிறாள். கோபுரம் பழையபடி இல்லையென்றால் என் வேலையும் போச்சு, வீடும் போச்சு. இடித்துக் கொடுங்கள் என்றால், "கட்டுன கை இடிக்காது மச்சான்" என்கிறார். சரி, ஊராரைக் கூப்பிட்டு இடிக்கலாமென்றால், அது எப்படி உடைந்திருந்தது என்பதிலேயே சண்டை. பொத்தல் இடப்பக்கம் என்கிறார் பாதிரியார். "வலப்பக்கம் சாமி! மொத முத்தம் வாங்குன எடம் எனக்குத் தெரியாதா?" என்கிறாள் பால்காரி. கடைசியில் நானேதான் சம்மட்டி எடுக்க வேண்டும். அவர் கண்ணெதிரே அதைச் செய்ய என்னால் ஆகாது. அதனால்தான் அழைத்துப் போ என்கிறேன்.

குழந்தைகளுக்கு என் ஆசி. செஸ்டோகோவா மாதா உங்களைக் காப்பாளாக.

அண்ணன்,
லூத்ஸியன்

பி.கு.: தபால் பெட்டிக்குப் போகிற வழியில், ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்போமே என்று சம்மட்டியோடு கோபுரத்துக்குப் போனேன். ஓங்கிவிட்டேன். கை இறங்கவில்லை, தெக்லா. அந்த அம்மாள் வந்து என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். உன் வீட்டில் எனக்கு ஒரு கட்டில் போட்டு வை. நீ இப்போது வர வேண்டாம். கூரை வேலை பாக்கி இருக்கிறது, ஏணியைப் பிடித்துக்கொள்வது நான்தான்.