இடைவேளைக்குப் பிறகு வந்த அழுகை

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் அக்காவும் நானும் நலம். உங்கள் நலத்தை விசாரிக்கத் தேவையில்லை. ஆளுங்கட்சியின் செய்தித் தொடர்பாளரான உங்களை எல்லாச் சேனலும் தினமும் காட்டுகிறது.

எங்கள் தெரு ஆஸ்பத்திரியை மூடுவது நியாயம்தான் என்று நீங்கள் பேசிய பேச்சை எழுதியவள் நான்தான். பேச்சுக்கலைக்காகக் கிரேக்கர்களையும் ரோமானியர்களையும் படித்த படிப்புக்கு வேறு யார் வேலை தருகிறார்கள்? பேசுகிறவன் மேல் நம்பிக்கை வர வேண்டும், கேட்கிறவன் மனம் இளக வேண்டும், காரணமும் வேண்டும் என்றார்கள் கிரேக்கர்கள். காரணத்துக்கெல்லாம் டிவியில் நேரமில்லை என்றீர்கள் நீங்கள். "எதிர்க்கட்சிக்காரரின் குடும்ப விவகாரத்தை நான் பேசப்போவதில்லை" என்று சொல்லிக்கொண்டே முழுதையும் பேசிவிடுவது ரோமானிய வித்தை, அதையும் வைத்தேன். அந்த ஊர் வக்கீல்கள் வழக்கை முடிக்கும்போது அழும் பிள்ளைகளைக் கொண்டுவந்து நிறுத்துவார்களாம். ஸ்டுடியோவுக்குள் பிள்ளைகளை விடமாட்டார்கள் என்பதால், "நானும் ஒரு ஏழைத்தாயின் மகன்" என்ற வரிக்குப் பிறகு நீங்களே அழுவதாக ஏற்பாடு. அந்த வரி வருவதற்குள் நெறியாளர் விளம்பரம் போட்டுவிட்டார். கார், சோப்பு, மூட்டுவலித் தைலம் எல்லாம் முடிந்து திரும்பினால் விவாதத்துக்கு வந்திருந்த எங்கள் ஆஸ்பத்திரி நர்ஸ் பேசிக்கொண்டிருக்கிறார். "ரெண்டு பஸ் மாறி வந்து புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கச் சொல்றீங்களே, உங்க அக்காவால பஸ் படி ஏற முடியுமா சார்?" அந்த நேரம் பார்த்து நீங்கள் தேம்பித் தேம்பி அழுதீர்கள். ஆஸ்பத்திரிக்காகவே அழுதீர்கள் என்று தெருமுனையில் பேனர் வைத்துவிட்டார்கள். கட்சித் தலைமையிடம் உங்களுக்குச் செம திட்டு. உடனே எனக்குப் போன்: "கண்ணுல தூசி விழுந்துச்சுன்னு ஒரு அறிக்கை எழுதிக் குடும்மா, சீக்கிரம்."

எழுத மாட்டேன். அம்மாவின் கால் புண்ணைக் கழுவிக் கட்ட வேறு இடம் கிடையாது. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாக மேடைக்காரர்கள் ஏழையின் புண்ணைக் காட்டிக் கைதட்டல் வாங்குகிறார்கள். கட்டுத்துணி மட்டும் வாங்கித் தருவதில்லை. தூசி அறிக்கை வெளியே வந்தால், அந்த அழுகையே நான் எழுதிக் கொடுத்தது என்று எல்லாச் சேனலுக்கும் சொல்வேன். ஆஸ்பத்திரிக்காக அழுதவரின் கட்சி அதை உடனே மூடிவிட முடியாது. அது திறந்திருக்கும்வரை நீங்கள் எங்களுக்காக அழுதவராகவே இருந்துவிட்டுப் போங்கள்.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் தொண்டை நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்

பி.கு.: இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அவனாவது நடிக்கறதாவது. சின்ன வயசுலயே அவனுக்குப் பொய்யா அழ வராதுடி. மூக்கு செவந்திருந்துச்சு, பாத்தியா? நெசமாத்தான் அழுதான்" என்கிறாள். அப்படியா மாமா? அப்படியானால் மேலே உள்ளதைக் கிழித்துப் போடுங்கள். நாளைக்கு டிவியில் நீங்களே பேசுங்கள். எழுதிக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.