செல்லமுத்து மேற்கு ஜன்னல் கொண்ட படலம்

வாழி செல்லமுத்து! கிரயப் பத்திரம் ஆயிரம் எழுதிய கரத்தோனே, தானப் பத்திரமும் விடுதலைப் பத்திரமும் பாகப் பிரிவினைப் பத்திரமும் முட்டறக் கற்ற மூக்குக்கண்ணாடித் திலகமே, அரியலூர் ரயிலடியில் நாள்தோறும் காலையில் இடக்கையில் சோற்றுத் தூக்கும் வலக்கையில் சீசன் டிக்கெட்டும் ஏந்தி நிற்கும் நெடுந்தகையே, உன் புகழைப் பாட எனக்கு ஒரு நாவு போதாது. ஆயினும் இருப்பது ஒன்றுதான், அதைக் கொண்டே பாடத் துணிந்தேன். கலைமகளே, உனக்கு வேறு வேலை இருந்தால் போய்ப் பார், இந்தச் சிறு விஷயத்தை நானே பார்த்துக்கொள்கிறேன்.

போர்க்களம் எதுவென்று கேட்பீர். திருச்சி செல்லும் காலைப் பாசஞ்சரின் பின்னிருந்து மூன்றாம் பெட்டியில், மேற்குப் பார்த்த ஜன்னலோரத்து இருக்கை அது. ஞாயிறு கிழக்கு ஜன்னல்களைப் பொரித்தெடுக்கும் அவ்வேளையில், நிழலும் காற்றும் ஒருங்கே வந்து அடிபணியும் அரியணை அது. பச்சை ரெக்சின் கிழிந்து பஞ்சு எட்டிப் பார்த்தாலும் பாருக்குள் அதற்கு நிகரில்லை. நால்வர் அதைச் சூழ்ந்து பயணிப்பர். நால்வருக்கும் திருச்சியில் வேலை. அவ்விருக்கைக்காக அவர்கள் வாளெடுக்கவில்லை, கைக்குட்டை போட்டு இடம் பிடிக்கவுமில்லை. பொய் சொல்லிப் போரிட்டனர்.

அப்போரின் விதியைக் கேளீர். வெற்றிச்செல்வி என்னும் நல்லாள், அச்சகமொன்றில் பிழை திருத்துபவள், மேலட்டை இழந்த பழந்தமிழ் அகராதி ஒன்றைச் சாப்பாட்டுப் பையிலேயே சுமப்பவள், வண்டி கல்லகம் தாண்டியதும் அதைத் திறந்து, இன்று எவரும் வாயால் சொல்லாத சொல்லொன்றை எடுத்துக் களத்தில் விடுவாள். மற்ற மூவரும் அதற்கு ஆளுக்கொரு பொய்ப்பொருள் புனைந்து துண்டுச் சீட்டில் எழுதித் தரவேண்டும். மெய்ப்பொருளை அவள் நான்காம் சீட்டில் எழுதிச் சேர்த்துக் குலுக்கி, நான்கையும் ஒரே குரலில் வாசிப்பாள். மெய்யைக் கண்டுபிடித்தவருக்கு ஒரு புள்ளி. தன் பொய்யைப் பிறர் நம்பினால் நம்பிய தலைக்கு ஒரு புள்ளி. லால்குடியில் வண்டி நிற்கும்போது புள்ளி மிக்கவர் ஜன்னலில் ஏறுவார், பழைய மன்னர் எழுந்து இடம் விடுவார். எதிர் இருக்கையின் ஜன்னலோரம் அகராதி சுமக்கும் கூலியாக வெற்றிச்செல்விக்கே என்றென்றைக்கும் மானியம். இதை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் பதினோரு மாதமாக யாரும் மீறவுமில்லை.

அப்பதினோரு மாதமும் அரியணையில் பெரும்பாலும் வீற்றிருந்தவன் கலைவாணன், துணிக்கடையின் புடவைப் பிரிவில் நின்று, வேண்டாம் என்று வந்தவரையும் மூன்று புடவையோடு வழியனுப்பும் தேன்மொழி வேந்தன். அவன் சறுக்கிய நாள்களில் ஏறியவள் சண்முகப்பிரியா, தனியார் மருத்துவமனை ஒன்றின் செவிலி, ஊசியும் வலிக்காமல் பொய்யும் வலிக்காமல் ஏற்ற வல்லவள். ஒருநாளும் ஏறாதவர் ஒருவர் உண்டு. அவரைத்தான் இப்போது பாடிக்கொண்டிருக்கிறேன்.

ஏன் ஏறவில்லை? ஐயகோ, அதைச் சொல்லவும் வாய் கூசுகிறது. இருபத்திரண்டு ஆண்டு பத்திரம் எழுதிய கை அது. ஞிமிறு என்றால் என்ன என்று களத்தில் சொல் விழுந்தது, அது வண்டு. செல்லமுத்து எழுதியதோ, 'ஏரிக்குத் தெற்கே, வண்டிப் பாதைக்கு வடக்கே, மேற்படி இரண்டுக்கும் இடைப்பட்ட காலி இடம்' என்பது. ஆம்பி என்று இன்னொரு நாள் விழுந்தது, அது காளான். நிலத்தின் பக்கமே போவதில்லை என்று நாக்கைக் கடித்துக்கொண்டு அவர் எழுதினார், 'எவ்வித வில்லங்கமும் இல்லாத ஒருவகைச் சிறு பறவை' என்று. வில்லங்கம் இல்லாத பறவை! பெட்டியே குலுங்கிச் சிரித்தது. எதிர்வரிசையில் முறுக்கு விற்றுக்கொண்டு போனவர்கூட நின்று சிரித்துவிட்டுப் போனார். மற்றவருக்கும் தத்தம் தொழில் வாடை சீட்டில் அடிப்பதுண்டு. ஆனால் அவர்களுக்கு அது எப்போதாவது, நம் தலைவருக்கோ தினப்படி. அவர் சீட்டு எது என்று சிறு குழந்தையும் சொல்லிவிடும்.

இதுகாறும் அவர் அதைப் பொறுத்திருந்தார். இன்றோ பொறுக்க இயலாது, ஏனெனில் கொள்ளிடத்தில் தண்ணீர் வந்துவிட்டது. ஓரத்தில் ஒட்டி ஓடும் ஓடையன்று. கரைக்குக் கரை நிறைந்து, நுங்கும் நுரையுமாய்ப் போகிறதென்று நான்கு நாளாகச் செல்போன்கள் எல்லாம் முழங்கின. அவருடைய மனைவி கொளஞ்சியம்மாள் திருமானூர்ப் பக்கம் ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர். முழங்கால் வலியால் வீட்டைவிட்டு நகர முடியாத அவர் கேட்டது பொன்னையா, பட்டையா? ரயில் பாலத்துக் காலில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொன்னார், அவ்வளவுதான். மூன்று நாளாகச் செல்லமுத்து பாலத்தின் மேல் கண்டது கலைவாணனின் பிடரி ஒன்றையே. பெட்டி வாசலிலோ கல்லூரிப் படை காற்றும் புகாதபடி அடைத்து நிற்கும். மாலை வண்டியோ இருட்டிய பிறகே பாலம் ஏறும். இடம் விடு என்று கேட்பதோ போர் விதிக்கு இழுக்கு. இன்றோடு தண்ணீரைக் குறைக்கப் போகிறார்களாம். காலையில் சோற்றைக் கட்டிக் கொடுக்கும்போது கொளஞ்சியம்மாள் சொன்ன சொல் அவர் நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது.

"தினம் அந்த ஆத்து மேலதான போறீங்க. ஒரு நாளாச்சும் கண்ணால பாத்துட்டு வந்து சொல்லுங்க."

ஆதலின் அவர் தவம் செய்திருந்தார். மேற்படி என்ற சொல்லைத் தன் நாவினின்றும், நான்கெல்லை என்ற நினைவைத் தன் கையினின்றும் ஒழிப்பதற்காக, நான்கு நாள் பத்திரம் எழுதும் கடையிலேயே பயிற்சி எடுத்தார். அதன் பலனாக நேற்று எழுதிய கிரயப் பத்திரம் ஒன்றில் எல்லையே இல்லாமல் போய், மனை வாங்கியவர் கடல் வரைக்கும் உரிமை கொண்டாடலாம் என்ற நிலை வந்து, கடைக்காரரிடம் ஒரு மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டார். தவம் என்றால் சும்மாவா!

கல்லகம் கடந்தது. வெற்றிச்செல்வி அகராதி திறந்தாள். சுண்ணாம்புக்கல் தூசி படிந்த ஜன்னலுக்கு அப்பால் முள்வேலிகள் பின்னோக்கி ஓட, அவள் திருவாய் மலர்ந்து உரைத்த சொல் முரம்பு. மூவரும் தலை கவிழ்ந்தனர். கலைவாணன் பேனாவைக் காதில் செருகி எடுத்தான். சண்முகப்பிரியா கண்ணை மூடினாள். நம் தலைவரின் கை தானாக 'கிழக்கே' என்று தொடங்கப் போக, அவர் இடக்கையால் வலக்கையைப் பற்றி நிறுத்தி, மூச்சைப் பிடித்து, ஒரே வரி எழுதி மடித்து நீட்டினார். வண்டி புள்ளம்பாடியை விட்டுக் கிளம்பியது.

முதற் சீட்டு வாசிக்கப்பட்டது: 'யானை முதுகில் போர்த்தும் கெட்டித் துணி, ஓரம் மடித்துத் தைத்தது.' ஒருவரும் அசையவில்லை.

இரண்டாம் சீட்டு: 'பருக்கைக்கல் நிறைந்த மேட்டு நிலம்.'

அவ்வளவுதான். கலைவாணன் தொடையில் தட்டிச் சிரித்தான். சண்முகப்பிரியா துப்பட்டாவால் வாயைப் பொத்தினாள். நிலம் என்ற சொல் விழுந்ததும் நால்வர் கண்ணும் செல்லமுத்துவின் மேல் பாய்ந்தது. நால்வரில் அவரும் ஒருவர்தானே, அவர் தன்னையே எப்படிப் பார்த்தார் என்று குறுக்குக் கேள்வி கேட்காதீர், பார்த்தார். எழுதியது நானோ என்று குனிந்து தன் வலக்கையையே பார்த்தார். இருபத்திரண்டு ஆண்டுப் பழக்கம், என்னையும் அறியாமல் இக்கை துரோகம் செய்துவிட்டதோ என்று இடக்கையால் அதை ஒரு தட்டுத் தட்டினார். மெய்யாகவே அழுகை வந்துவிட்டது அவருக்கு.

மூன்றாம் சீட்டு: 'நாவின் அடியில் எழும் கொப்புளம், மூன்று நாளில் தானே வடியும்.' நான்காம் சீட்டு: 'மத்தளத்தின் இருபக்கத் தோலையும் இழுத்துக் கட்டும் வார்.'

மத்தளம்! அதுவன்றோ அவர் எழுதியது! கை துரோகம் செய்யவில்லை. அப்படியானால் அந்த மேட்டு நிலம் யாருடையது? துணி கலைவாணனுடையது, கொப்புளம் சண்முகப்பிரியாவுடையது, மத்தளம் தன்னுடையது. எஞ்சிய நிலம் அகராதியுடையது! இத்தனை மாதம் தன்னைக் காட்டிக்கொடுத்த அதே மண், இன்று தனக்குக் கேடயமாய் வந்து நிற்பதை உணர்ந்த அக்கணத்தில், கிழக்கு ஜன்னல் வெயிலெல்லாம் அவர் முகத்திலேயே விழுந்ததுபோல் இருந்தது. ஆனால் சிரித்தாரா? சிரிக்கவில்லை. அதுவே வீரம். தலையை இன்னும் தாழ்த்தி, சட்டைப் பொத்தானைத் திருகி, கையும் களவுமாய்ப் பிடிபட்டவர்போல் ஒரு பெருமூச்சு விட்டார். கூத்து மேடையில் நாற்பது வருஷம் ஆடியவருக்கும் அந்தப் பெருமூச்சு வராது.

கலைவாணன் கணக்கிட்டான்: நிலம் அண்ணனுடையது, மூன்று நாள் என்பதில் ஆஸ்பத்திரி வாடை, ஆகவே மத்தளம். சண்முகப்பிரியா கணக்கிட்டாள்: நிலம் அண்ணனுடையது, ஓரம் மடித்ததில் துணிக்கடை வாடை, ஆகவே மத்தளம். இருவரும் ஒருவர் பின் ஒருவராக மத்தளம் என்று ஓட்டளித்து, ஐயப்படாமல் குழியில் இறங்கி நின்றனர். பிறகு அனைவரும் செல்லமுத்துவை நோக்கினர். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மேட்டு நிலம் என்றார்.

"அண்ணே, நம்ம சீட்டுக்கு நாமளே ஓட்டுப் போட்டா செல்லாதுண்ணே," என்றான் கலைவாணன், இரக்கத்தோடு.

"அது என் சீட்டு இல்ல தம்பி."

வெற்றிச்செல்வி அகராதியைத் திருப்பிக் காட்டி, முரம்பு என்ற இடத்தில் விரலை வைத்தாள். பருக்கைக்கல்லுள்ள மேட்டு நிலமேதான். கண்டுபிடித்ததற்கு ஒன்று, நம்ப வைத்த இரு தலைக்கு இரண்டு, ஆக மூன்று புள்ளி. மற்ற இருவருக்கும் சுழி. கலைவாணன் அகராதியை வாங்கி இரண்டு முறை படித்தான், பின்பு அட்டையில்லாத அதன் முதுகைத் திருப்பிப் பார்த்தான், துணியின் விலைச்சீட்டைத் தேடுபவன்போல. லால்குடி வந்தது. மன்னன் எழுந்தான். மன்னர் அமர்ந்தார்.

அமர்ந்தவர் ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கலாம். திரும்பினால் இக்காவியம் இங்கேயே மங்கலமாய் முடிந்திருக்கும், நானும் எழுந்து காப்பி குடிக்கப் போயிருப்பேன். ஆனால் பதினோரு மாதம் எவராலும் நம்பப்படாத ஒரு மனிதனை முதன்முறையாக இருவர் ஒருசேர நம்பிவிட்டார்களே, அந்தப் போதை லேசுப்பட்டதா? ஜன்னலுக்கு முதுகைக் காட்டிச் சம்மணமிட்டு, சோற்றுத் தூக்கை மடியில் கவிழ்த்து மேசையாக்கி, நோட்டைத் திறந்தார். இவ்வெற்றிக்குப் பத்திரம் எழுதாமல் விடலாகாது என்று அறிவித்து, எழுத எழுத வாய்விட்டும் முழங்கலானார்.

"எழுதிக் கொடுப்பவர் கலைவாணன், எழுதி வாங்குபவர் செல்லமுத்து. மேற்படி ஜன்னலோர இருக்கைக்கு எல்லையாவது: கிழக்கே மேற்படி கலைவாணன், தெற்கே வெற்றிச்செல்வியின் சாப்பாட்டுப் பை, வடக்கே சாயும் பலகை..."

நான்கு நாள் அணை போட்டு வைத்திருந்த மேற்படிகள் அனைத்தும் உடைத்துக்கொண்டு பெருகின. சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் என்றார். சூரிய சந்திரர் உள்ளவரை என்றார். வாளாடி ஸ்டேஷன் வந்ததும் போனதும் அவர் அறியார். திடீரென்று வண்டியின் அடியில் தடதடவென்று பேரொலி எழுந்தது. வெற்றி முரசம் என்று எண்ணிக் குரலை உயர்த்தினார். எதிரிலிருந்தோர் கண்கள் அகன்றன, வாய்கள் திறந்தன. தன் மொழிநடை கண்டு வியக்கிறார்கள் என்று மகிழ்ந்தார். நின்றிருந்தவர்களெல்லாம் அவர் தோளுக்கு மேலாகச் சாய்ந்து முண்டியடித்தனர். பத்திரத்தைப் படிக்கத்தான் இந்த ஆவல் என்று நோட்டைச் சற்றே உயர்த்திப் பிடித்தார். ஒரு முதியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு அவர் இருந்த திசை நோக்கிக் கும்பிட்டபோது மட்டும் சற்றே கூச்சம் வந்தது. ஆயினும் பெருந்தன்மையோடு தலையசைத்து ஏற்றுக்கொண்டார். முரசொலி ஓய்ந்தது. எல்லோரும் நிமிர்ந்து தத்தம் இடம் சேர்ந்தனர். நாலாவது எல்லை ஒன்றுதான் பாக்கியிருந்தது.

மேற்கே என்று எழுதி, மேற்கில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காக அவர் திரும்பினார். ஸ்ரீரங்கம் ஸ்டேஷனின் மஞ்சள் பலகை இருந்தது.

சண்முகப்பிரியாதான் மெல்லக் கேட்டாள், தண்ணீர் எப்படியிருந்தது என்று. எந்தத் தண்ணீர் என்று கேட்டார் செல்லமுத்து. கேட்ட பிறகுதான் அவருக்கே விளங்கியது. பேனா மூடியைத் தேடினார், கிடைக்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை, கலைவாணன்கூட வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். இனிக் காவிரி வரும், வந்தென்ன, கொளஞ்சியம்மாள் கேட்டது காவிரியையா? வண்டி ஸ்ரீரங்கம் சேரும் நேரத்தை இருபது ஆண்டாக அறிந்த அவ்வம்மையார், அந்நேரத்துக்குச் சரியாகப் போனில் அழைத்தார். தண்ணீரைப் பார்த்தீர்களா, பாலத்துக் காலில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்றார். உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் இன்று இரண்டு பேரை நம்ப வைத்த நாவு அது. மூன்றாவது ஒருவரை நம்ப வைக்க முடியாதா என்று ஒரு கணம் அதற்குத் தோன்றிவிட்டது. தொண்டையைச் செருமி, கண்ணை மூடி, கண்ணால் கண்டவர்போல் உரைத்தார்.

"வடகரைக்குத் தெக்க, தென்கரைக்கு வடக்க, மேற்படி ரெண்டு கரைக்கும் நடுவுல, எந்த வில்லங்கமும் இல்லாம போயிட்டிருக்கு கொளஞ்சி."

சிறு குழந்தைக்கும் தெரியும் சீட்டல்லவா அது, கட்டிய மனைவிக்குத் தெரியாதா!

"சரி, ரிப்பேருக்குக் குடுத்த மிக்ஸி ஜாரை மறக்காம வாங்கிட்டு வந்துருங்க," என்றார் கொளஞ்சியம்மாள்.