திரைச் சோடனைக்காரர்

கணினியில் வேலை செய்கிறவர்களைப் பற்றி நீங்கள் நிறைய வாசித்திருப்பீர்கள். கணினிக்கே வேலை செய்கிறவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அந்தக் குறையைத் தீர்க்க இன்று உங்களுக்குத் திரைச் சோடனைக்காரரை அறிமுகப்படுத்துகிறேன். கொழும்பு வெள்ளவத்தையில் மாடிக்கு ஒருவராவது இருப்பார். ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஆனால் நான் கண்டவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆண்கள், அதிலும் அவசரமாக ஏதோ ஒரு வேலையை முடிக்க வேண்டியிருந்த ஆண்கள்.

இவரை எப்படி அடையாளம் காண்பது? கணினியைத் திறந்ததும் மற்றவர்கள், தாங்கள் நேற்று விட்ட வேலையைத் தேடுவார்கள். இவர் பின்னணிப் படம் தேடுவார். முதலில் ஒரு மலை வரும். மலையின் பச்சையில் எழுத்துத் தெரியவில்லை என்று ஒரு கடல் வரும். கடல் வந்ததும் கோப்புறைகளின் மஞ்சள் பொருந்தாது, ஆகவே அவற்றுக்கு நீலம். நீலம் வந்ததும் சுட்டியின் வெள்ளை அம்பு கண்ணைக் குத்தும், ஆகவே அதற்குச் சாம்பல். அம்பு மாறியதும் கீழேயுள்ள பட்டி பழசாகத் தெரியும், அதை மேலே ஏற்றி, பிறகு ஒளித்து, ஒளித்தது போதாதென்று எழுத்துருவையும் மாற்றி நிமிர்ந்தால் மத்தியானச் சாப்பாடு. சாப்பிட்டு வந்து பார்த்தால் கடல் அலுத்துவிட்டிருக்கும்.

வேலை தொடங்கியாயிற்றா என்று கேட்டுப் பாருங்கள். "செற்-அப் பண்ணுறன்" என்பார், எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்துகிறாராம். மணவறை சோடிக்கிற மும்முரத்தில் முகூர்த்தத்தை விட்ட கதைதான்.

எங்கள் மாடியில் இந்தப் பொறுப்பை வகிப்பவர் தேனுஜன். காப்புறுதிக் கம்பனியொன்றில் கணக்காளர். தங்கமான மனிதர், இதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவருடைய மனைவி சுபோதினி இரசாயனவியல் ஆசிரியை. வத்தளைக்கும் அப்பாலுள்ள ஒரு பாடசாலைக்கு விடிய ஐந்தே காலுக்கு பஸ் ஏறி, பொழுதுபட்டு வீடு வருகிறவர். நாலு வயது மகளை அவர் பெரும்பாலும் நித்திரையில்தான் பார்க்கிறார். தெஹிவளையில் ஒரு தனியார் பாடசாலையில் இடம் காலியென்று அறிந்து விண்ணப்பித்தார். கிடைத்தால் பத்து நிமிடத்தில் வீடு.

நேர்முகம் சனிக்கிழமை பத்து மணிக்கு, இணையத்தில். பதினைந்தே நிமிடம். ஆவர்த்தன அட்டவணை பற்றி ஒரு பாடத்தைத் திரையில் காட்டிப் படிப்பிக்க வேண்டும். சுபோதினி இரண்டு வாரம் இருந்து அந்தப் பாடத்தைத் தயாரித்தார்.

அந்தச் சனிக்கிழமை ஒரு கடிதம் அச்செடுக்க அவர்கள் வீட்டுக்குப் போன நான், "இருங்கோ அண்ணை, இவ முடிக்கட்டும்" என்று தேனுஜன் சொன்னதால் கதிரையில் ஒதுங்கியிருந்தேன்.

சுபோதினி காலையில் சேலை உடுத்திக்கொண்டிருந்த நேரத்தில் தேனுஜன் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். வீட்டுக் கணினித் திரையைப் பாடசாலைக்காரர் பார்க்கப் போகிறார்களே, இந்தக் குப்பையோடா காட்டுவது? ஆகவே அதிலிருந்த அறுபத்திரண்டு கோப்புகளுக்கும் ஒரே மாதிரிச் சின்னஞ்சிறு சாம்பல் வட்டம் வைத்தார். வட்டத்தின் கீழே பெயர் இருப்பது அசிங்கமாகப் பட்டது. பெயரே இல்லாத கோப்பைக் கணினி ஏற்காது, ஒரே பெயரில் இரண்டையும் ஏற்காது. அதற்கெல்லாம் அசருகிறவரா? முதற்கோப்புக்கு ஒரு வெற்றிடத்தைப் பெயராக இட்டார், இரண்டாவதற்கு இரண்டு வெற்றிடம், மூன்றாவதற்கு மூன்று. அறுபத்திரண்டு வரைக்கும் பிழையில்லாமல் எண்ணினார். கணக்காளர் அல்லவா!

பத்து மணிக்கு உப அதிபர் அலவி திரையில் தோன்றி, "சரி டீச்சர், பாடத்தக் காட்டுங்க" என்றார்.

சுபோதினி திரையைப் பகிர்ந்தார். கடலும் வட்டங்களும் தெரிந்தன. ஒரு வட்டத்தை அமுக்கினார்; மகளின் தடுப்பூசி அட்டை வந்தது. அடுத்ததில் வீட்டு வாடகை ஒப்பந்தம். அதற்கடுத்ததில் தேனுஜனின் பல் எக்ஸ்றே. ஒலிவாங்கியை நிறுத்திவிட்டுக் கணவரிடம் திரும்பினார்.

"என்னப்பா செய்து வச்சிருக்கிறீங்கள்? என்ர பாடம் எங்க?"

"பதட்டப்படாதையும். பதினேழு வெற்றிடம். இல்லையெண்டால் பதினெட்டு."

"வெற்றிடத்தை நான் எப்பிடி எண்ணுறது?"

தேனுஜன் இதை யோசித்திருக்கவில்லை. மூன்று நிமிடம் போயிற்று. சுபோதினி வட்டம் வட்டமாக அமுக்கிக்கொண்டே போனார். அப்போதுதான் அலவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, திரைக்கு நெருங்கி வந்தார்.

"டீச்சர், பாடத்தக் கொஞ்சம் வைங்க. இது விண்டோஸா? பேரும் இல்ல, கீழ பட்டியும் இல்ல. எப்பிடிச் செஞ்சீங்க இத?"

அழைப்புக்குக் காத்திருந்தவர்போல தேனுஜன் ஒலிவாங்கியைத் திறந்துவிட்டுக் கமராவுக்குள் நுழைந்தார். மேலே சட்டை, கீழே வீட்டில் கட்டுகிற சாரம். அலவி தாளும் பேனையும் எடுத்தார். பத்து நிமிடம் இருவரும் ஒரே ஊரில் பிறந்து பிரிந்தவர்கள்போலக் கதைத்தார்கள். நடுவில் சுபோதினி நேராக அமர்ந்து, இரண்டு வாரம் பாடமாக்கிய சிரிப்பை முகத்திலிருந்து இறக்காமல் இருந்தார். பதினைந்து நிமிடம் முடிந்ததும் அலவி எல்லோருக்கும் நன்றி சொன்னார்.

புதன்கிழமை மின்னஞ்சல் வந்தது. ஆசிரியர் பதவிக்கு வேறொருவர் தெரிவாகியிருந்தார். ஆயினும், பாடசாலையின் நாற்பது கணினிகளையும் அதேபோல அமைத்துத்தர உங்கள் கணவர் சனிக்கிழமைகளில் வர முடியுமா என்று பணிவுடன் கேட்டிருந்தார்கள்.

தேனுஜன் போய்வருகிறார். பத்து நிமிடத்தில் வீடு. சுபோதினி ஐந்தே காலுக்கு பஸ் ஏறுகிறார். படியில் அவரைக் காணும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை, கோபந்தான் வருகிறது. அதைத் தேனுஜனிடம் சொல்லப் போனால், என் தொலைபேசியை வாங்கி அதன் எழுத்துருவை மாற்றித் தந்து அனுப்பிவிடுகிறார்.

நீங்கள் அப்படிப்பட்டவரில்லை என்று தலையாட்டுவது தெரிகிறது. மெத்த நல்லது. ஆனால் இதை வாசிக்கத் தொடங்கி எழுத்தைப் பெருப்பித்தீர்கள், பின்னணியைக் கறுப்பாக்கினீர்கள், கறுப்பு அழுத்தமாக இருக்கிறதென்று மங்கல் மஞ்சளாக்கினீர்கள், நடுவில் வரிகளுக்கிடையிலுள்ள தூரத்தையும் கொஞ்சம் கூட்டினீர்கள். அது உங்கள் சுதந்திரம், நான் குறுக்கே வரமாட்டேன். ஒன்றே ஒன்று: சுபோதினிக்கு அந்த வேலை எதற்காகத் தேவைப்பட்டது? மேலே போய்ப் பார்க்காமல் சொல்லுங்கள்.